தயவு அறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான் சுகம். முதுகுவலி மட்டும் என்னோடு வேலைக்கு வந்து என்னோடு வீடு திரும்புகிறது. நீயும் அத்தானும் சுகம்தானே?

எட்டு மாதமாக எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு. முதலில் இதைப் படி. தையல் கம்பெனியில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்களே, அது பதவி இல்லை, தலைவலி. எனக்குக் கீழே ஐம்பத்திரண்டு பேர். ஸ்டோரில் ஜிப் பெட்டி இரண்டு குறைகிறது. "சாயங்காலம் பையைப் பார்த்துத்தான் வெளியே அனுப்பணும்" என்று முதலாளி உத்தரவு. எல்லாரையும் பார்த்தால் எட்டு மணியாகிறது. நாலு பேரை மட்டும் பார்த்தால், "என்னை மட்டும் ஏன் சார்? என் நெத்தியில திருடின்னு எழுதியிருக்கா?" என்று சண்டை. நேற்று காஜா மெஷினில் பட்டன் துளை தைக்கிறவள் பையை என் மேசையில் கவிழ்த்து, "எண்ணிக்கோங்க சார். ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, ஒரு சாப்பாட்டு டப்பா. டப்பாவுக்குள்ள மிச்சம் இருக்கு, வேணுமா?" என்றாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அத்தான் மிட்டாயைக் கைநிறைய அள்ளுகிறார் என்று நீ ஒரு மரப்பெட்டி செய்தாயே, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரே ஒரு மிட்டாய் விழுமே, அப்படி ஒன்று எனக்கு வேண்டும். பெரிதாக. வெள்ளை மிட்டாயும் சிவப்பு மிட்டாயும் கலந்து போடுவேன். போகும்போது ஆளுக்கு ஒரு சுற்று. வெள்ளை விழுந்தால் வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிவப்பு விழுந்தால் பையைத் திறக்க வேண்டும். அப்புறம் யார் என்னைக் குறை சொல்வது?

சீக்கிரம் செய்து அனுப்பு.

உன் தம்பி



கடவுள் துணை
ஜனவரி 17

தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஆண்டவன் தயவில் நாங்கள் நலம். நீ நலமா என்று எட்டு மாதமாகக் கேட்கிறேன். பதில் இப்போதுதான் வந்திருக்கிறது, அதுவும் முதுகைப் பற்றி.

'சீக்கிரம் செய்து அனுப்பு' என்கிறாய். நான் உன் கம்பெனியில் ஐம்பத்து மூன்றாவது ஆளா? 'செய்வாயா அக்கா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் பேனா மை தீர்ந்து போயிருக்குமா? நீ மேற்பார்வையாளர் ஆன அன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி, தினமும் விளக்கேற்றுவதற்கு முன்னால் துடைத்துக்கொண்டிருக்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் யோசனை நல்ல யோசனை. அதனால்தான் கோபத்தை மடித்து வைத்துவிட்டு எழுதுகிறேன். முகம் பார்த்துச் சந்தேகப்படுவது பாவம். கடவுள் முன்னால் எல்லாரும் ஒரே வரிசை. உன் வாசலிலும் அப்படியே இருக்கட்டும்.

வெள்ளையில் நாற்பது, சிவப்பில் நாற்பது, ஒரே கடையில் வாங்கி அனுப்பு. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சிவப்பு ஒரு நூல் பெரிதாக இருந்தால் கைப்பிடியோடு சுற்றும் உருளையின் குழியில் இறங்காது. ஒரு நூல் சின்னதாக இருந்தால் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்து, வரிசையில் முதலில் நிற்கிறவர்கள் தலையில் விடியும். போன தடவை நான் அளக்காமல் குழியை ஆழமாக வெட்டிவிட்டேன். ஒரு சுற்றுக்கு இரண்டு விழுந்தது. உன் அத்தான், "இது அமோகமா இருக்கே, கை வைக்காதே" என்றார். மெழுகை உருக்கி ஊற்றிக் குழியை மேடாக்கிய பிறகுதான் ஒன்றாயிற்று. இந்த முறை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டுதான் ரம்பத்தைத் தொடுவேன்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் போடு, எட்டு மாதம் கழித்து அல்ல.

அக்கா



பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன், வலி சிரிக்கிறது. உங்கள் இருவர் நலத்துக்கும் எழுதவும்.

மிட்டாய் எண்பதும் இத்துடன் வருகிறது. அத்தான் கண்ணில் படாமல் வை.

இன்னொரு விஷயம். இங்கே நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள். இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருவர், கால் வீக்கத்தோடு நிற்கிறார். அவர்களுக்குச் சிவப்பு விழுந்தால் அரைமணி நேரம் நிற்க வைக்க வேண்டும். எனக்கு மனசு கேட்காது. ஆனால் எல்லார் எதிரிலும் 'நீ போ' என்றால், அவளுக்கு மட்டும் என்ன சலுகை என்பார்கள். அதனால் நான் நினைத்தால் வெள்ளை விழுகிற மாதிரி, வெளியே தெரியாமல், உள்ளே ஒரு வழி வைக்க முடியுமா? நீ கும்பிடுகிற கடவுளும் இரக்கம் பார்க்கிறவர்தானே.

இரக்கம் பார்த்தாலும் இங்கே நல்ல பேர் கிடையாது. போன வாரம் முதலாளி சுற்றிப் பார்க்க வந்தார். அந்தக் காஜாக்காரி எழுந்து நின்று, "இஸ்திரி மூலையில ரெண்டு மாசமா ஃபேன் ஓடலை சார். இவர்கிட்ட சொன்னா இவருக்குக் காது ஓடலை" என்கிறாள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பெட்டியைச் செய்வாயா அக்கா? (கேட்டுவிட்டேன். மை தீரவில்லை.)

உன் தம்பி



கடவுள் துணை
மார்ச் 6

தம்பிக்கு,

நாங்கள் நலம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. அதில் உளி பாய்ந்தது. நீ நலமாக இரு.

பெட்டி இன்று பார்சலில் கிளம்பிவிட்டது. அது என்னைப் படுத்திய பாட்டை நீ கேட்டே ஆக வேண்டும். கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து உடம்பு செய்தேன். உருளை, உடைந்த நாற்காலியின் கால். உன் மிட்டாயின் குறுக்களவு பதினாலு மில்லிமீட்டர். எண்பதையும் நூல் சுற்றி அளந்தேன். குழி பதினைந்தரை. முதல் நாள் கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ஒன்றுகூட விழவில்லை. மூடியைத் திறந்தால் மிட்டாய்கள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து, கூரை போட்ட மாதிரி நிற்கின்றன. கீழே வெறும் பொந்து. உன் அத்தான் பக்கத்தில் நின்று, "மிட்டாய்க்குக்கூட உன் கைக்கு வரப் பயம்" என்கிறார். அப்போது என் கையில் உளி இருந்தது. மூன்று நாள் யோசித்து உருளையில் ஒரு சின்ன முளை அடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது மேலே நிற்பவற்றை ஒரு கிள்ளு கிள்ளுகிறது. இப்போது ஒழுங்காக இறங்குகின்றன. பெட்டியானாலும் மனிதரானாலும் கிள்ளினால்தான் அசைகிறது.

பதினோரு வெள்ளைக்கு ஒரு சிவப்பு என்ற கணக்கில் கலந்து, விழுந்ததை மறுபடி மேலே போட்டு, இருநூற்று நாற்பது தடவை சுற்றிப் பார்த்தேன். இருபது சிவப்பு வர வேண்டும். இருபத்தொன்று வந்தது. நோட்டில் இருக்கிறது.

இனி நீ கேட்ட இரகசியம். பின்பக்கம் ஒரு குட்டி அறை வைத்திருக்கிறேன், இருபது மிட்டாய் பிடிக்கும். இடது பக்கம் அடியில் பொத்தான் மாதிரி ஒரு முளை இருக்கும். அதை விரலால் இழுத்தால் உள்ளே ஒரு பலகை நகர்ந்து மேலறையை மூடும், குட்டி அறையைத் திறக்கும். அந்தச் சுற்றில் குட்டி அறை மிட்டாய்தான் விழும். வலது பக்கமும் அதே மாதிரி ஒரு பொய் முளை ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். அதற்குத் தயவு அறை என்று பெயர் வைத்திருக்கிறேன். அதில் வெள்ளை மட்டும் போடு. கர்ப்பிணிக்கும் பெரியவருக்கும் மட்டும் இழு.

கடவுளிடம் பெட்டிக்காக வேண்டிக்கொண்டேன். பெட்டிக்குக் கண் கிடையாது. மேலே இருக்கிறவருக்கு உண்டு. இதை மறக்காதே.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

அக்கா



ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

பெட்டி பிரமாதம். முதலாளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கினே?" என்றார். வெளியூரில் சொல்லிச் செய்தது என்றேன்.

வாசலில் சண்டை நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாயாடிக் காஜாக்காரிக்குத்தான் சிவப்பு விழுந்துகொண்டே இருக்கிறது. பெட்டியே காட்டிக்கொடுக்கிறது என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் வாயே திறப்பதில்லை.

இனி வேலை அதிகம், எழுத நேரம் இருக்காது. நீயும் சிரமப்பட வேண்டாம்.

தம்பி



கடவுள் துணை
ஏப்ரல் 28

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை.

'எந்தக் கடை' என்று கேட்டவரிடம் 'என் அக்கா செய்தது' என்று சொல்ல உனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதா? போகட்டும், அதை விடுகிறேன். இதை விட மாட்டேன்: ஒரே ஆளுக்குச் சிவப்பு 'விழுந்துகொண்டே இருக்கிறது' என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு நாளைக்கு ஒன்று விழலாம். துரதிர்ஷ்டம் பிடித்தவளுக்கு இரண்டு விழலாம். எத்தனை நாளில் எத்தனை? எண் எழுது. நீ சிவப்பைக் கலக்காமல் மேலாகக் கொட்டுகிறாயா? அவள் வரிசையில் எங்கே நிற்கிறாள்? மரம் ஈரத்தில் உப்பிவிட்டதா? தப்பு என் பெட்டியில் இருந்தால் நானே வந்து சரி செய்கிறேன். நான் செய்த ஒரு சாமான் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்தால் எனக்குப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை.

வாயாடி என்றாய். நம் வீட்டில் அந்தப் பட்டம் யாருக்கு இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நீ கண்ணாடியை உடைத்தபோது உனக்காக அப்பாவிடம் பேசிய வாய் அது.

உடனே எண்ணை எழுது.

அக்கா



ஜூன் 3

இந்தப் பெட்டியைச் செய்தவருக்கு,

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் நலம் விசாரிக்கவில்லை. நான் தையல் கம்பெனியில் காஜா எடுக்கிறவள். எங்கள் வாசலில் நீங்கள் செய்த மிட்டாய்ப் பெட்டி இருக்கிறது. போகும்போது சுற்ற வேண்டும். சிவப்பு விழுந்தால் பையை மேசையில் கொட்டுவார்கள். போன மாதம் வேலை நாள் இருபத்தாறு. எனக்குச் சிவப்பு பத்தொன்பது. காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறேன்.

கொட்டுவது பெரிதில்லை. நான் பொறுக்கி எடுத்து வைப்பதற்குள் ஆறு பத்து பஸ் போய்விடும். அடுத்தது ஏழேகால். வீட்டில் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன். அதுவும் பெரிதில்லை. ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் இப்போது தன் பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். "உனக்கு மட்டும் ஏன்டி விழுது? சும்மா விழுமா?" என்கிறாள். மேற்பார்வையாளரிடம் முறையிட்டால், பெட்டி ஆடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டு, "நான் என்னம்மா பண்றது? பெட்டிக்குக் கண்ணு இல்லை, மேல இருக்கிறவருக்கு உண்டு" என்பார். இந்த மாதமும் இப்படியே விழுந்தால் முதலாளியிடம் சொல்லி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன சனிக்கிழமை பெட்டியைத் துடைக்கிற முறை எனக்கு. அடியில் பிசுபிசுப்பு இருந்ததால் பின்பலகையின் நாலு திருகாணியைக் கழற்றினேன். உள்ளே ஒரு குட்டி அறை. அது முழுக்கச் சிவப்பு. அறையின் மேல் பென்சிலில் அழகான கையெழுத்து: 'தயவு அறை. வெள்ளை மட்டும் போடவும்.' கீழே தேதி, அளவு, 'பழுதானால் எழுதவும்' என்று உங்கள் விலாசம்.

பழுதாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

இரகசிய அறையும் இழுக்கிற முளையும் வைத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தயவு என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கர்ப்பமாக இருக்கிற பெண்ணுக்குச் சிவப்பு விழுந்த அன்றைக்கும் எந்தத் தயவும் வரவில்லை. அவள் பையும் கொட்டப்பட்டது. இதை நான் திறந்து காட்டினால், நானே சிவப்பைப் போட்டு வைத்தேன் என்பார். திருடிப் பட்டம் இருக்கிறவள் பேச்சை யார் நம்புவார்கள்? மறுபடி மூடிவிட்டேன். பொறுக்க முடியாமல் எழுதினேன், அவ்வளவுதான்.

காஜாக்காரி



கடவுள் துணை
ஜூன் 8

டேய்,

நலமா என்று கேட்கவில்லை. முதுகு வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. வலிக்கட்டும்.

ஏப்ரலில் எண் கேட்டேன். நீ எழுதவில்லை. எண் வேறு வழியில் வந்துவிட்டது. இருபத்தாறுக்குப் பத்தொன்பது. என் பெட்டியில் இருபத்தாறு சுற்றுக்கு இரண்டு விழலாம். நேரம் கெட்டுப்போனால் மூன்று, நான்கு. பத்தொன்பது விழுந்தால் அது விதி இல்லை, விரல். உன் விரல்.

கர்ப்பிணி என்றாய், கால் வீங்கிய பெரியவர் என்றாய், கடவுளின் இரக்கம் என்றாய். எனக்கு எது வலிக்கும் என்று தெரிந்து அந்த இடத்தில் கை வைத்துக் கேட்டாய். நானும் கட்டைவிரலில் இரத்தம் வர அந்த அறையைக் குடைந்தேன். வெள்ளை போடச் சொன்ன இடத்தில் நீ சிவப்பைப் போட்டாய். எதற்கு? ஒருத்தி முதலாளி எதிரில் ஃபேன் ஓடவில்லை என்று உண்மையைச் சொன்னாள், அதற்கு. இத்தனை சின்ன மனசை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு பேருக்கு மேலே எப்படி உட்கார்ந்திருக்கிறாய்?

திட்டியிருந்தால்கூட மன்னிப்பேன். நேருக்கு நேர் பழிவாங்கியிருந்தால் அதுவும் மனிதன் செய்வதுதான். நீ உன் கையை ஒளித்துவிட்டு அதைக் கடவுளின் கை என்று சொன்னாய். அதுவும் என் வாக்கியத்தைத் திருடி. 'மேலே இருக்கிறவருக்குக் கண் உண்டு' என்று நான் உனக்குப் பயம் வர எழுதினேன். நீ அதைச் சொல்லி அவளைப் பயமுறுத்துகிறாய். ஜிப் பெட்டியை யார் எடுத்தார்களோ தெரியாது. இந்தத் திருட்டுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

என் பங்கையும் சொல்கிறேன். வலது பக்கம் பொய் முளையை ஒட்டிய கை என்னுடையது. 'வெளியே தெரியாமல்' என்று நீ கேட்டபோதே நான் கேட்டிருக்க வேண்டும்: நல்ல காரியத்துக்கு எதற்குடா மறைவு? கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தில் எனக்கே மயக்கம். அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கிறது, நான் அழிக்கப் போவதில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றே. எல்லார் எதிரிலும் பின்பலகையைக் கழற்றி, அந்த அறையைக் காட்டி, உன் வாயால் சொல். கடிதம் கிடைத்த நாளிலிருந்து பத்து நாள். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா



கடவுள் துணை
ஜூன் 28

காஜா எடுக்கிற தங்கைக்கு,

உங்களுக்கும் குழந்தைக்கும் உடம்பு நலமாக இருக்கட்டும். என் நலத்தை நீங்கள் விசாரிக்காதது சரிதான்.

பெட்டியைச் செய்தது நான். செய்யச் சொன்னவன் உங்கள் மேற்பார்வையாளர். அவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். இதை மறைத்து உங்களுக்கு ஒரு வரிகூட எழுத எனக்கு உரிமை இல்லை.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எட்டாம் தேதி எழுதினேன், பதினாலாம் தேதி எழுதினேன், இருபதாம் தேதி எழுதினேன். பதில் இல்லை. நான் அவனுக்குக் கொடுத்த மூன்று வாரமும் உங்களுடையது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

திறந்து காட்டினால் நம்ப மாட்டார்கள் என்று எழுதினீர்கள். நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம். இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. உள்ளே மரச்சட்டம் போட்ட கண்ணாடி. இருபத்து நாலுக்கு முப்பது சென்டிமீட்டர். அந்தப் பெட்டியின் பின்பலகை அளவு என் நோட்டில் இருக்கிறது. திருகாணி ஓட்டைகளும் அதே இடத்தில்தான் போட்டிருக்கிறேன். பழைய பலகையைக் கழற்றி இதை மாட்டப் பத்து நிமிடம் போதும். உள்ளே எதையும் தொடாதீர்கள். சிவப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முளையும் இருக்கட்டும். பெட்டியை மட்டும் குறுக்காக வையுங்கள், முதுகு வரிசையைப் பார்க்கிற மாதிரி. பகலில், நாலு பேர் பார்க்கச் செய்யுங்கள். ஒளிந்து செய்தது போதும்.

கண்ணாடியைப் பஞ்சு வைத்து என் பழைய புடவையில் சுற்றியிருக்கிறேன். புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். அது மட்டும் போதாது என்று தெரிந்ததால்தான் பார்சல்.

பெட்டி செய்தவள்



ஜூலை 19

அக்காவுக்கு,

நான் நலம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, அதனால் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. நீங்கள் நலமா? இந்த முறை கேட்கிறேன்.

கண்ணாடி கீறல் இல்லாமல் வந்தது. 'என் தம்பி' என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். மறுநாள் பிரித்து நீவி வைத்துக்கொண்டேன். நீங்கள் அவர் அக்கா என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நாலு மணி டீ இடைவேளையில் மாட்டினோம். திருகாணியைக் கழற்றியது நான். கூட நின்றது இஸ்திரிப் பெரியவர். "என்ன பண்றீங்க?" என்று வந்தவர்களிடம் எல்லாம், "முதுகுப் பலகை உளுத்துப் போச்சு, மாத்தறோம்" என்றார். வந்தவர்கள் உள்ளே பார்த்தார்கள். பார்த்தவர்கள் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். ஒரு சின்னப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "அது என்னக்கா, சிவப்பு மட்டும் தனிக்குடித்தனம் பண்ணுது?" பையை மடியில் வைத்துச் சாப்பிட்டவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். "யாரு இதைத் தொட்டது?"

பெரியவர், "நாங்கதான் சார். நல்லா இருக்கா?" என்றார்.

நான் சொன்னேன்: "முதல்ல நீங்க சுத்துங்க சார்."

"நானா? நான் எதுக்கு?"

"பெட்டிக்குக் கண்ணு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆள் பார்க்காதே அது."

பின்னால் ஐம்பது பேர். யாரும் நகரவில்லை. அவர் கைப்பிடியில் கை வைத்தார். உடனே பெரியவர், "இருங்க சார், பெட்டி ஆடும், நான் பிடிச்சுக்கறேன்" என்று இடது பக்கம் அடியில், மேற்பார்வையாளர் வழக்கமாகப் பிடிக்கிற அதே இடத்தில், பிடித்து விரலால் இழுத்தார். கண்ணாடிக்குள் பலகை நகர்ந்ததை எல்லாரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். ஆனாலும் கை நிற்கவில்லை, சுற்றிவிட்டார். சிவப்பு விழுந்தது.

அவர் பையை அவரே திறந்தார். யாரும் கேட்கவில்லை. ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு தைலப் புட்டி, ரப்பர் பேண்ட் போட்ட நாலு கடித உறைகள். நாலும் பிரிக்காதவை. மேலே இருந்த கையெழுத்தை எனக்குத் தெரியும்; என் பார்சலிலும் பெட்டிக்குள்ளும் அதே கையெழுத்து. நான் ஒவ்வொன்றாக எடுத்து அதே வரிசையில் உள்ளே வைத்துப் பையை மூடிக் கொடுத்தேன். என் பையை அவர் ஒருநாளும் அப்படி மூடிக் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய் வந்தார். குட்டி அறையில் ஒரு மிட்டாய்கூட இல்லை, எங்கள் எதிரிலேயே காலி செய்தார். இப்போது வரிசையில் கடைசியாக நின்று அவரும் சுற்றுகிறார். என் வேலை போகவில்லை, ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்கிறேன். ஜிப் பெட்டி இரண்டும் ஸ்டோரிலேயே வேறு அலமாரியில் இருந்தனவாம். என்னிடம் மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை, அவர் உட்பட. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை அக்கா. தீர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

காஜாக்காரி



கடவுள் துணை
ஜூலை 24

தம்பிக்கு அக்கா. உறை போட்டால் நீ பிரிப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. இனிமேல் அஞ்சலட்டைதான். தபால்காரர் படிக்கட்டும், உன் வீட்டுக்காரர் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை.

நாலு கடிதம். என் நோட்டிலும் நாலுதான். ஏப்ரலில் எழுதியதையே நீ பிரிக்கவில்லை. அதில் திட்டுகூட இல்லையடா, ஒரு எண்தான் கேட்டிருந்தேன். அப்போதே உனக்குப் பயம். தூக்கிப் போடாமல் பையில் சுமந்திருக்கிறாய். அதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் உன் வாயால் மன்னிப்புக் கேள். வரிசையில் நின்று சுற்றுவது மன்னிப்பு ஆகாது.

பெட்டியின் முதுகில் இருக்கும் கண்ணாடி எது என்று பார்த்தாயா? உன் போட்டோவுக்கு நான் போட்டிருந்தது. சட்டமும் அதேதான். போட்டோ இப்போது சுவரில் வெறுமனே ஆணியில் தொங்குகிறது. நான் துடைப்பதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரில் வந்து நீயே துடை. விளக்கு வைப்பதற்குள் வந்தால் சாப்பாடு உண்டு.

முதுகு எப்படி இருக்கிறது?